மலபார் மிட்டாய்

கோப்பெங்காரன் ஓய்வெடுக்க வெளிநாடு போனான் என்றால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள். நாங்கள் ஓய்வெடுக்க ஆரம்பித்தே நாற்பது வருஷம் ஆகிறது. 1985 அக்டோபர் 24-ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் ஈய வியாபாரத்தை நிறுத்தினார்களே, அன்றைக்கு உட்கார்ந்த பேராக் ஈயச் சுரங்க ஊர் இது. அப்புறம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வந்தது. ஈப்போவுக்குப் போகிற காடிகளும் எங்களை எழுப்புவதை விட்டுவிட்டன. அப்படிப்பட்ட ஊரிலிருந்து கிளம்பி, சிட்னியில் விமானம் மாறி, பசிபிக் கடலில் கிடக்கும் நியூ கலிடோனியாவின் நூமெயாவுக்கு நான் ஓய்வெடுக்கப் போனது, கொல்லன் தெருவுக்கு ஊசி வாங்கிக்கொண்டு போன கதைதான்.

திரும்பி வந்த மறுநாள் ஒட்டுக்கடையில் சித்தப்பா பிடித்துக்கொண்டார். மலையிலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீரைப் பீய்ச்சி ஈய மண்ணைக் கரைத்த காலத்து ஆள் அவர். பீய்ச்சும் பழக்கம் பேச்சில் மட்டும் பாக்கியிருக்கிறது.

"நியூ கலிடோனியாவா? அது எந்தப் பக்கம்டா? அங்க யாரு இருக்கா?"

"கனாக் மக்கள் இருக்காங்க சித்தப்பா. மேல பிரெஞ்சுக்காரன் உக்காந்திருக்கான்."

"சரி, நம்ம ஊரு மாதிரிதான். வெள்ளக்காரன் மட்டும் வேற கம்பெனி. சொல்லு."

சொன்னேன். நான் சொன்னதையும், அவர் திருத்தியதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

1774 செப்டம்பரில் கேப்டன் ஜேம்ஸ் குக் கப்பலில் நின்றபடி அந்தத் தீவைப் பார்த்தார். மலை தெரிந்தது. ஸ்காட்லாந்து ஞாபகம் வந்தது. அப்பா ஸ்காட்லாந்துக்காரர், மகனுக்கு ஞாபகம் வருவதில் தப்பில்லை. உடனே நியூ கலிடோனியா என்று பெயர் வைத்தார். கலிடோனியா என்பது ஸ்காட்லாந்துக்கு ரோமர்கள் வைத்த பெயர். ஆக ரோமாபுரிக்காரன் வைத்த பெயரை இங்கிலாந்துக் கப்பல்காரன் தூக்கிக்கொண்டுபோய், மூவாயிரம் ஆண்டுகளாகச் சேப்பங்கிழங்கும் வள்ளிக்கிழங்கும் பயிரிட்டு வாழ்ந்த மக்களின் தலையில் கட்டினான். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இதுல என்னடா அதிசயம்?" என்றார் சித்தப்பா. "பத்துகாஜா ரோட்டுல பாக்கலியா?" பார்த்திருக்கிறேன். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் துரை தன் சொந்த ஊர் கெல்லாஸ் நினைவாகத் தோட்டத்துக்குக் கிந்தா கெல்லாஸ் என்று பெயர் வைத்து, பக்கத்திலேயே ஒரு மாளிகையும் கட்டத் தொடங்கினார். 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனார்; மாளிகை பாதியில் நின்றது. ஆனால் அங்கே வேலை செய்த தமிழர்கள் மாரியம்மன் கோயில் மேல் சாமிகளோடு சாமியாகத் தொப்பி போட்ட ஒரு துரையையும் நிற்கவைத்துவிட்டார்கள். குக்குக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கோயில் கட்ட அவர் தமிழர்களை அழைத்துப் போகவில்லை.

அடுத்தது 1853. இங்கிலாந்துக் கப்பல் ஒன்று பைன் தீவுப் பக்கம் கடலின் ஆழத்தை நிதானமாக அளந்துகொண்டிருந்தது. பிரெஞ்சு அட்மிரல் பெவ்ரியே தெப்புவாந்த் அளவெல்லாம் எடுக்கவில்லை. செப்டம்பர் 24-ஆம் தேதி பாலாட் கரையில் இறங்கிக் கொடியை நட்டார். ஐந்தாம் நாள் பைன் தீவிலும் ஒன்று நட்டார். கல்யாண வீட்டில் ஒருவன் பந்தியின் நீளத்தை அளந்துகொண்டிருக்கும்போது இன்னொருவன் இலை போட்டு உட்கார்ந்த மாதிரி.

உட்கார்ந்தாயிற்று, இனி அந்த இடத்தை என்ன செய்வது? பிரான்சுக்கு 1863-இல் ஒரு யோசனை உதித்தது: சிறைச்சாலை ஆக்கலாம். வெண்மணல், நீலத் தண்ணீர், தென்னங்காற்று. இன்றைக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி செலவழித்து நாம் போகிற இடத்துக்கு அன்றைக்குத் தண்டனை என்று அனுப்பினார்கள். 1871-இல் பாரிஸ் கம்யூன் புரட்சி தோற்றதும் நாலாயிரம் பேருக்குமேல் கப்பலேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு அல்ஜீரியாவில் எழுந்த கபைல் மக்களும் பின்னாலேயே வந்தார்கள். புராய் பக்கம் இன்றும் பேரீச்ச மரங்கள் நிற்கின்றன. சட்டைப்பையில் கொட்டையோடு வந்த கைதிகள் நட்டவை என்று சொல்கிறார்கள்.

கம்யூன்காரர்களில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருந்தார், லூயிஸ் மிஷெல். நாடு கடத்தினாலும் வாத்தியார் வாத்தியார்தான். கனாக் மக்களுக்குப் பாடம் நடத்தினார், அவர்கள் கதைகளை எழுதி வைத்தார். 1878-இல் கனாக் மக்கள் கிளர்ந்து எழுந்தபோது தன் சிவப்புத் துணியைக் கிழித்து அவர்களுக்குக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவரோடு வந்த புரட்சியாளர்களில் பலர் அந்த நேரம் பார்த்து அரசாங்கத்தின் பக்கம் போய் நின்றார்கள். பாரிஸில் சுதந்திரம் வேண்டும், பசிபிக்கில் வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை.

அந்தக் கிளர்ச்சிக்கு மூலகாரணம் மாடு. வெள்ளைக்காரர்களின் மாடுகள் கனாக் கிழங்குத் தோட்டங்களில் புகுந்து மேய்ந்தன. தலைவர் அத்தாயி புகார் சொன்னார். வேலி போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. என் கிழங்கு எழுந்துபோய் உங்கள் மாட்டைத் தின்னும் அன்றைக்கு வேலி போடுகிறேன் என்கிற அர்த்தத்தில் அவர் திருப்பிக் கொடுத்தாராம். சித்தப்பா தே தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு அரை நிமிஷம் சிரித்தார். அத்தாயியைக் கொன்று தலையைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். அருங்காட்சியகத்துப் பெட்டியில் அது எங்கே வைக்கப்பட்டது என்பதே வெகுகாலம் தெரியாமல் போய், கடைசியில் 2014-இல் வாரிசுகளிடம் ஒப்படைத்தார்கள். 136 ஆண்டுகள். நம் நில அலுவலகங்களைக் குறை சொல்வதை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

"நம்ம பேராக்குல பர்ச்ச முடிச்சதும் அந்த டைம்தான?" என்றார் சித்தப்பா. ஆமாம், ஆங்கிலேய ரெசிடென்ட் பர்ச் கொல்லப்பட்டது 1875 நவம்பர், பாசிர் சாலாக்கில். உலகம் முழுக்க ஒரே பாடத்திட்டம்தான் ஓடியிருக்கிறது.

இப்போது நம்மவர் கதைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

போர்த்துக்கீசியர் 1498-இல் வந்து இறங்கியது கோழிக்கோட்டில். கரைக்குப் பெயர் மலபார். அதோடு விட்டிருக்கலாம். தெற்கே பார்த்த ஆளையெல்லாம் மலபார் என்றார்கள். 1706-இல் தரங்கம்பாடிக்கு சீகன்பால்கு வந்த காலத்திலும் ஐரோப்பியர் வாயில் தமிழுக்கு மலபார் பாஷை என்றே பெயர். பிறகு பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தத்தில் ஆள் பிடித்து ரெயூனியன் தீவுக்குக் கரும்பு வெட்ட அனுப்பினார்கள். கப்பலில் ஏறியவர்கள் தமிழர்கள், இறங்கியவர்கள் மலபார்கள்.

1860-களில் ரெயூனியனில் கரும்பு நொடித்தது. அங்கிருந்த துரைகள் சிலருக்கு நியூ கலிடோனியாவில் நிலம் சும்மா கிடக்கிறது என்று செய்தி போயிற்று. (நிலத்தில் இருப்பவனைக் கேட்காமல் நிலம் சும்மா கிடக்கிறது என்று முடிவு செய்வது காலனி நில அளவையின் முதல் பாடம்.) ஆலை எந்திரம், கரும்புக் கரணை, கூடவே மலபார்கள் என்று சாமான் பட்டியல் போட்டுக் கிளம்பினார்கள். காரைக்காலிலிருந்து இந்துமாக்கடல் தீவு, அங்கிருந்து பசிபிக் தீவு. எங்கள் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி பினாங்கில் இறங்கியதையே ஏழு கடல் தாண்டிய கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இவர்களுக்கு முன்னால் அது ஆற்றைக் கடந்த கணக்கு.

கரும்பு முளைத்தது. வெட்டுக்கிளியும் வந்தது. வெட்டுக்கிளி போனதும் வறட்சி வந்தது. அது போதாதென்று மேலே சொன்ன 1878. நூற்றாண்டு முடிவதற்குள் சர்க்கரைத் தொழில் கதவைச் சாத்தியது. ஆலை எந்திரத்தைக் கழற்றி விற்கலாம். ஆளை என்ன செய்வது? எங்கள் பக்கம் ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது லயத்துக் குடும்பங்களுக்கு நடந்ததுதான் அங்கேயும். இருந்தவர்கள் இருந்தார்கள், கிடைத்த வேலையைச் செய்தார்கள், அங்கேயே கட்டிக்கொண்டார்கள். மொழி பிரெஞ்சு ஆயிற்று. சாமி ஏசு ஆனார். அவர்கள் வம்சம் இன்றும் அந்தத் தீவில் இருக்கிறது. பெயர்கள் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலுக்குள் புகுந்து ஒளிந்துகொண்டன. அதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. என் அடையாள அட்டையில் என் அப்பா பெயரைப் பதிந்த குமாஸ்தா செய்த வேலையில், நான் சட்டப்படி யாரோ ஒரு பொருளில்லாத மனிதரின் மகன்.

ஊர் எப்படி என்று கேட்கிறீர்கள். விமான நிலையத்திலிருந்து நூமெயா 50 கிலோமீட்டர் சொச்சம். காலையில் ஆளாளுக்கு நீட்டு ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடக்கிறார்கள், பால் வெட்டப் போகிறவர் கத்தியை வைத்திருக்கும் அதே தோரணையில். பகலில் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போகிறார்கள். அந்த விஷயத்தில் கோப்பெங்கோடு போட்டி போடலாம். கனாக் பெண்கள் பாதிரிமார் காலத்துப் பூப்போட்ட தொளதொள கவுனை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிறார்கள். பிரெஞ்சுக் கொடி பறக்கும் மண்ணில் கிரிக்கெட்! பிரெஞ்சுக்காரர்களைத் தவிர எல்லோருக்கும் விதிகள் புரிகின்றன. தீவின் சின்னம் ககூ என்ற பறவை. அது பறக்காது, குரைக்கும். விருந்து என்றால் புஞ்ஞா: கிழங்கும் கோழியும் தேங்காய்ப்பாலும் வாழையிலையில் கட்டிச் சுட்ட கல்லில் வேகவைப்பது. வாழையிலையைப் பார்த்ததும் நான் உரிமையோடு உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டுக் கடையில் பாமி என்று எழுதியிருந்தது. வாங்கினால் நம்ம மீ கோரெங்கின் அண்ணன். 1896 முதல் ஜாவாவிலிருந்து கூலியாட்களைக் கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்கள் சட்டியோடு போயிருக்கிறார்கள். நான் மலாயில் ஒரு வாக்கியம் பேசிப் பார்த்தேன். கடைக்காரம்மா பிரெஞ்சில் பதில் சொன்னார். இருவரும் தலையாட்டிக்கொண்டோம்.

ஜாவாக்காரர்கள் போனது சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும். இங்கே நமக்கு ஈயம் மாதிரி அந்தத் தீவுக்கு நிக்கல். ழூல் கார்னியே என்ற பொறியாளர் 1864-இல் பச்சைக் கல்லைக் கண்டெடுத்தார். கல்லுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கும் வியாதி அந்த நூற்றாண்டில் யாரையும் விடவில்லை. இதைக் கேட்டதும் சித்தப்பா, "பிரெஞ்சுக்காரன் நம்ம பக்கமும் வந்தான்டா" என்றார். உண்மைதான். 1884-இல் ழாக் தெ மொர்கன் என்பவர் பேராக்கில் அலைந்து கிந்தாவுக்கு வரைபடம் போட்டார். 1886-இல் பக்கத்து ஊர் கம்பாரில் பிரெஞ்சு ஈயக் கம்பெனி வந்தது. தெ மொர்கன் பின்னாளில் பாரசீகம் போய் சூசாவில் தோண்டினார். ஹமுராபியின் சட்டக்கல் வெளியே வந்தது. ஈயம் தேடி வந்தவருக்கு நாலாயிரம் வருஷத்துச் சட்டம் கிடைத்தது. இங்கேயே இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்டியிருக்கலாம் என்பது சித்தப்பாவின் கருத்து.

கனாக் என்ற பெயருக்கு வருகிறேன். ஹவாய் மொழியில் கனகா என்றால் மனிதன். கப்பல்காரர்கள் அதை எடுத்துப் பசிபிக் முழுக்க வசைச்சொல்லாக மாற்றினார்கள். மனிதன் என்று கூப்பிட்டுத் திட்டுவதற்குத் தனித் திறமை வேண்டும். 1931-இல் பாரிஸ் பூங்காவில் கனாக் மக்களைக் கொண்டுவந்து, நரமாமிசம் தின்பவர்கள் என்று பலகை மாட்டி டிக்கெட் போட்டுக் காட்டினார்கள். ஊரில் பூசைக்குப் போய்க்கொண்டிருந்த கிறிஸ்தவர்கள் அவர்களில் உண்டு. 1970-களில் கனாக் தலைவர் ழான் மரி ஜிபாவுவின் தலைமுறை அந்தச் சொல்லை எடுத்துத் துடைத்து, பிரெஞ்சு எழுத்துக்கூட்டலை வெட்டியெறிந்து, ஆமாம் நாங்கள் கனாக் என்று நெஞ்சில் குத்திக்கொண்டது. ஜிபாவு 1989-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1998-இல் திறந்த, அவர் பெயர் தாங்கிய பண்பாட்டு மையத்தில் பத்து மரக்குடில்கள், பாதி பின்னிய கூடைகள்போல், கடலைப் பார்த்து நிற்கின்றன.

எங்களுக்கும் ஒரு பெயர் உண்டு, கெலிங். கலிங்கத்திலிருந்து வந்த சொல். பினாங்கில் பள்ளிவாசலுக்கே அந்தப் பெயர். தெருவில் யாராவது சொன்னால் அடிதடி. அதை எடுத்துத் துடைக்க எங்களில் இன்னும் ஆள் கிளம்பவில்லை. "நான் கிளம்பறேன், எனக்கு முட்டி வலி" என்றார் சித்தப்பா.

விடுதலை வேண்டுமா என்று பிரான்சு மூன்று முறை வாக்கெடுப்பு வைத்தது. 2018-இல் வேண்டாம் என்றவர்கள் 56.7 சதவீதம், 2020-இல் 53.3. மூன்றாவது 2021-இல், விடுதலை கேட்டவர்கள் புறக்கணித்தார்கள், மற்றவர்கள் 96.5 சதவீதத்தில் ஜெயித்தார்கள். எதிரணி வராத பந்தாட்டத்தில் எங்கள் பள்ளி அணியும் ஒருமுறை அப்படிக் கோப்பை வாங்கியிருக்கிறது. நான் போனது 2024 மே கலவரத்துக்கு முன்பு. வாக்காளர் பட்டியலைத் திருத்தப் போய்த்தான் அந்த நிதானமான ஊர் எரிந்தது.

வரும்போது சித்தப்பாவுக்கு ஒரு பாக்கெட் மிட்டாய் வாங்கி வந்தேன். மென்று ஊதுகிற மிட்டாய், 1958-இல் பிரான்சில் வந்தது. பெயர் மலபார். பிரெஞ்சில் மலபார் என்றால் தடித்த, பலசாலியான ஆள் என்றும் ஒரு அர்த்தம் உண்டு. உறையில் அப்படியொரு ஆள் படம் இருந்ததாம். 2011-இல் அவனை நிறுத்திவிட்டு ஒரு பூனையை வேலைக்கு வைத்துவிட்டார்கள்.

"ஒப்பந்தம் முடிஞ்சிருக்கும்" என்றார் சித்தப்பா, வாயில் மலபாரோடு.

பாக்கெட்டில் இன்னும் நாலு இருக்கிறது. வேண்டுபவர்கள் கோப்பெங் ஒட்டுக்கடைக்கு வரலாம். பசியாறக் காலை ஏழு மணிக்கே அவர் வந்துவிடுவார்.