பீரோ நிர்ணயம்

வாடகைக்கு வீடு தேடுகிற கிருகஸ்தன் தன் சௌகரியத்தையும், மனைவியின் அபிப்பிராயத்தையும், குழந்தைகளின் பள்ளிக்கூடத் தூரத்தையும், கிணற்று நீரின் உப்பையும் சீர்தூக்கிப் பார்த்தே ஒரு வீட்டைத் தேர்ந்தெடுக்கிறான் என்பது உலகத்தார் நெடுங்காலமாக நம்பிவரும் பூர்வபட்சம். தேர்ந்தெடுப்பவன் அவனல்லன், அவனிடமுள்ள இரும்புப் பீரோவே என்பது இக்கட்டுரை நிலைநாட்ட முற்படும் சித்தாந்தம்.

இந்த விசாரணைக்குக் கனகம்மாசத்திரத்தை நாம் களமாகக் கொண்டது தற்செயலன்று. சென்னையிலிருந்து திருவள்ளூர் வழியாகத் திருத்தணிக்கும், அதற்கப்பால் நகரி, புத்தூர் கடந்து திருப்பதிக்கும் போகிற பெருவழியில் அமைந்த அவ்வூர், தன் பெயரிலேயே ஒரு சத்திரத்தைச் சுமந்துகொண்டிருக்கிறது. பொதுவாகச் சத்திரங்களில் தங்கிய யாத்திரிகர்கள் மூட்டையைத் தலைக்கு வைத்துத் திண்ணையில் படுத்தார்கள். விடிந்ததும் மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அவர்களிடம் முன்பணம் கேட்டவர் இல்லை. பதினொரு மாத ஒப்பந்தம் எழுதியவர் இல்லை. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எச்சரித்தவரும் இல்லை. இதற்கு அக்காலத்துத் தருமசிந்தனையே காரணம் என்று சொல்வது சரித்திரக்காரர்களின் வழக்கம். அந்த யாத்திரிகர் எவரும் பீரோ கொண்டுவரவில்லை என்னும் எளிய உண்மையை அவர்கள் ஏனோ கவனிக்கவில்லை.

ஆர்தேஷிர் கோத்ரெஜ் என்னும் பார்சிக் கனவான் 1897-இல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் இரும்புப் பெட்டகங்களும், 1923-இல் எஃகு அலமாரியும் அந்த நிறுவனத்திலிருந்து வெளிவந்தன. அதுவரையில் நம் நாட்டுக் குடும்பத்தின் சொத்தெல்லாம் மரப்பெட்டியிலும் தகர டிரங்குப் பெட்டியிலும் அடங்கியிருந்தது; ஓர் ஆள் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகக்கூடிய வாழ்க்கை அது. பீரோ வந்தபின் ஒருவர் சுமை நால்வர் சுமையாயிற்று. பிறகு பட்டறைதோறும் பீரோ செய்யத் தொடங்கி, கல்யாணச் சீர்வரிசையில் அது கட்டிலுக்கும் அண்டாவுக்கும் முன்னே வந்து நின்றது. 1961-இல் வரதட்சணைத் தடைச் சட்டம் பிறந்தது. பீரோவும் அன்று முதல் வரதட்சணையாக வருவதை நிறுத்திக்கொண்டு, அன்பளிப்பாக மட்டுமே வந்துகொண்டிருக்கிறது. அன்பளிப்பாதலால் அதை விற்கவும் முடியாது, பழைய இரும்புக்குப் போடவும் முடியாது. அம்மா வீட்டுச் சீர் என்று ஒரு வார்த்தை அடுப்பங்கரையிலிருந்து வந்துவிட்டால் அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. கணவன் உத்தியோகத்தை மாற்றிக்கொள்ளலாம், ஊரை மாற்றிக்கொள்ளலாம். பீரோவை மாற்றிக்கொண்டவனை நாம் கண்டதில்லை.

இனி அதன் சரீர லட்சணம். வழக்கமான பீரோ 78 அங்குல உயரமும், 36 அங்குல அகலமும், 19 அங்குல ஆழமும் உடையது. இப்படியொரு பொருளை வளைவான இடைகழியின் வழியே கொண்டுசெல்வது மேனாட்டுக் கணித வல்லுநர்களையும் வதைத்த பிரச்சினை என்பதை வீடு மாற்றுவோர் அறிந்தால் ஓரளவு ஆறுதல் அடைவார்கள். ஓரலகு அகலமுள்ள, செங்கோணமாகத் திரும்புகிற நடையில் திருப்பிக் கொண்டுபோகக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு யாது என்று 1966-இல் லியோ மோசர் என்பவர் வினவினார். 1992-இல் ஜோசப் கெர்வர் ஏறக்குறைய 2.2195 சதுர அலகுப் பரப்புள்ள ஒரு விசித்திர வடிவத்தைக் கண்டு சொன்னார். அதைவிடப் பெரியது இல்லை என்பதற்குக் கொரியரான ஜினியான் பேக் 2024-ஆம் ஆண்டின் இறுதியில்தான், நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஒரு நிரூபணத்தை வெளியிட்டார். ஆக ஒரு சோபாவைத் திருப்ப ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. கனகம்மாசத்திரத்துச் சுமையாட்களுக்கு அரை மணி நேரமே தரப்படுகிறது என்பதையும், இடையில் வீட்டுக்கார அம்மாள் சுவரின் வர்ணத்தை நோக்கியபடி குறுக்கே நிற்பார் என்பதையும் மோசர் தம் வினாவில் சேர்த்துக்கொள்ளவில்லை.

பீரோவுக்குரிய கணக்கை நாமே போட்டுப் பார்த்தோம். நிமிர்ந்த நிலையில் அதைச் செங்கோண நடையில் திருப்புவதற்கு, இரு பக்கமும் 26¼ அங்குல அகலம் இருந்தால் போதும். அரையகலமாகிய 18-உடன் ஆழமாகிய 19-ஐக் கூட்டி, இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்தால் ஏறக்குறைய இந்த எண் கிடைக்கும். ஐயமுள்ளவர்கள் தாளை வெட்டிச் சோதித்துக்கொள்ளலாம். ஆனால் மாடிப் போர்ஷனுக்கு ஏறுகிற வெளிப்படிக்கட்டு இரண்டடி அகலமாக இருக்கும்போது, அந்த 2¼ அங்குலக் குறைவு ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே நிர்ணயித்துவிடுகிறது. அன்றியும் படிக்கட்டில் பீரோ நிமிர்ந்து செல்வதில்லை, மல்லாந்தே செல்கிறது; மேலே போனதும் அதை எழுப்பி நிறுத்த வேண்டும். எழும்போது அதன் மூலைவிட்டம் 80¼ அங்குலம் ஆகாயத்தைக் கோருகிறது. ஆறரையடிக்குச் சற்றே மேலாகப் பரண் போட்ட அறையில் பீரோ நிற்கும். படுத்த நிலையிலிருந்து அங்கே எழாது. இந்த நுட்பம் தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டுக் கூடத்தின் நடுவில் பீரோவைப் படுக்கவைத்து, அதன்மேல் ஜமக்காளம் விரித்து, வருவோர்க்கு ஆசனமாக்கிய குடும்பங்கள் உண்டு.

குட்டியானை என்று ஜனங்கள் பட்டம் சூட்டிய டாட்டா ஏஸ் வண்டி 2005-இல் சாலைக்கு வந்ததும், ஏறக்குறைய ஏழடி நீளமான அதன் தட்டில் ஆறரையடிப் பீரோ அளவெடுத்தாற்போல் அடங்கியதும் தற்செயல் என்று பொறியியலார் சொல்லக்கூடும். நாம் அப்படி நினைக்கவில்லை. பீரோ ஏறிய பிறகு மிச்சமுள்ள இடத்தில்தான் மற்றவை ஏறுகின்றன. கடைசியில் மீன்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு குடும்பத் தலைவர் ஏறுகிறார்.

இடத்தின் தடைகள் இவ்வளவென்றால், காலத்தின் தடைகள் இன்னும் கடுமையானவை. இங்கேதான் ஆந்திர எல்லையோர ஊரின் விசேஷம் புலப்படுகிறது. தமிழர் சூரியனைக் கொண்டு மாதம் எண்ணுகிறார்கள். தெலுங்கர் சந்திரனைக் கொண்டு எண்ணுகிறார்கள். திருத்தணிச் சீமையிலோ ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் மற்றவரும் குடியிருக்கிறார்கள். தமிழ்க் குடும்பம் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறாது, புரட்டாசியிலும் தயங்கும். தெலுங்குக் குடும்பமோ ஆஷாடத்தையும் பாத்திரபதத்தையும் புஷ்யத்தையும் சூனிய மாதமென்று ஒதுக்கும். ஆஷாடம் நம் ஆனியில் தொடங்கி ஆடி அமாவாசையில் முடிவது. பாத்திரபதம் ஆவணியில் தொடங்கி மகாளய அமாவாசையில் முடிவது. புஷ்யம் மார்கழியில் தொடங்கித் தை அமாவாசையில் முடிவது. ஆகவே காலி செய்கிறவர் தமிழராகவும் குடிவருகிறவர் தெலுங்கராகவும் அமைந்துவிட்டால், தை பிறந்து அவருக்கு வழி பிறந்த பின்னும், இவருக்கு அமாவாசை கழியவேண்டும். ஆனியின் பிற்பகுதியிலோ தமிழர் முகூர்த்தத்தில் மும்முரமாயிருக்கும்போது தெலுங்கர் கைகட்டி நிற்பார். வீட்டுக்காரர் எந்தக் கட்சியாயினும் நட்டம் அவருக்கே. இதனால் விளையும் நல்ல பயன் ஒன்று என்னவெனில், இரு பஞ்சாங்கங்களும் சம்மதிக்கிற சொற்பத் தினங்களில் ஊரிலுள்ள அத்தனை குட்டியானைகளும் ஒரே தெருவில் சந்தித்துக்கொள்கின்றன. அத்தினங்களில், “மெல்ல, நைனா, மெல்ல! பீருவா சாயுது!” என்று ஒருவர் கூவ, “தலைப்பக்கம் இறக்குண்ணே!” என்று மற்றொருவர் பதில் கொடுக்க, பீரோ இரு பாஷைகளையும் சமமாகப் பாவித்து நிலைப்படியில் இடித்துக்கொள்கிறது.

ஆடிக்கு முன்பே ஒரு நல்ல நாளில் வெறும் வீட்டில் பாலை மட்டும் காய்ச்சிவிட்டு, சாமான்களைப் பின்னால் கொண்டுவருகிற உபாயத்தை ஜோதிடர்கள் அனுமதிக்கிறார்கள். உப்பும் மஞ்சளும் குத்துவிளக்கும் நிறைகுடமும் முதலில் போகலாம். பீரோ மட்டும் பின்தங்கும். சாஸ்திரமே அதன் கனத்துக்குப் பயந்து ஒதுங்கியதற்கு இது ஆகமப் பிரமாணம்.

வீடு மாற்றுவதில் உள்ள சிரமத்தை நினைக்கும்போது அந்த வட்டாரத்தின் அரசியல் சரித்திரம் நமக்குப் பொறாமையை உண்டாக்குகிறது. 1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே குடிபோயிற்று. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகவும், எல்லைத் தகராற்றில் நடுவராயிருந்த படாஸ்கர் அளித்த தீர்ப்பின்படியும், 1960 ஏப்ரல் முதல் நாளில் அது சென்னை மாநிலத்துக்குத் திரும்பிவந்தது. ஒரு தாலுகாவே, மலையும் கோயிலும் ஏரியும் வயலும் உட்பட, ஆறரை ஆண்டுக்குள் இருமுறை வீடு மாறியிருக்கிறது. ஒரு பீரோகூட நகரவில்லை. மறியலும் சிறையும் அதற்கு வேண்டியிருந்தன என்பது உண்மையே. ஆனாலும் இரண்டடிப் படிக்கட்டை ஒரு தடவையேனும் ஏறியவர்கள் எது எளிது என்பதைத் தாமே தீர்மானித்துக்கொள்ளட்டும்.

முன்பணம் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது என்றது. சென்னையில் பத்து மாத வாடகை வாங்கினார்கள். 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டம், நம் ஜனங்களின் தாராள குணத்தை மதித்து, அதை மூன்று மாதமாக உயர்த்தியது. அதுவும் நகர்ப்புறங்களுக்கே உரியது. நெடுஞ்சாலையோரத்துக் கிராமங்களில் வீட்டுக்காரரின் திருவுள்ளமே சட்டம். பதினொரு மாத ஒப்பந்தத்தின் ரகசியமோ 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இருக்கிறது: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று அது சொன்னதால், தேசம் முழுவதும் ஆண்டுக்குப் பதினொரு மாதம் என்று ஆகிவிட்டது.

இந்த வட்டாரத்தில் ஈடு கொடுக்கிற வழக்கம் வெகு பழமையானது. கனகம்மாசத்திரத்துக்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டை ஒட்டியது பழையனூர். இராசேந்திர சோழன் அக்கோயிலுக்கு அவ்வூரைத் தானம் செய்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முத்திரை வளையம் கோத்துச் சொல்கின்றன. அந்தப் பழையனூரின் நீலி கதையை அறியாதவர் இல்லை. மனைவி வேடத்தில் வந்த பேயோடு ஓரிரவு தங்க அஞ்சிய வணிகனுக்கு, உனக்கு ஒன்றும் நேராது, நேர்ந்தால் எங்கள் உயிரே ஈடு என்று வாக்களித்த வேளாளர் எழுபதின்மர், விடியற்காலையில் அவன் மாண்டுகிடக்கக் கண்டு தீக்குழியில் இறங்கினார்கள் என்பது அக்கதை. ஓரிரவுத் தங்கலுக்கு எழுபது உயிர் முன்பணம். தங்க வந்தவன் கொடுக்கவேண்டிய ஈட்டை ஊரார் கொடுத்த அந்த முறை பிற்காலத்தில் தலைகீழாகப் புரண்டது எப்போது, ஏன் என்பதைத் தனியே ஆராயவேண்டும். வணிகன் பீரோ வைத்திருந்ததாகக் கதை சொல்லவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறோம்.

வீட்டுக்காரர்கள் கேட்கும் கேள்விகளை, எத்தனை பேர், எந்த ஊர், மாமிசம் உண்டா, உறவுக்காரர்கள் அடிக்கடி வருவார்களா, சொந்த ஊரில் எந்தத் தெரு என்னும் அந்தப் பழைய பிரசன்ன வரிசையை, நாம் விரிக்கப்போவதில்லை; கடைசிக் கேள்வி எதை நாடிக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும், இருவரும் வெட்கப்படுவதில்லை.

குடிபுகுந்தபின் எழுவது மூலைப் பிரச்சினை. பீரோ தென்மேற்காகிய கன்னி மூலையில் நிற்கவேண்டும். குபேர திசையாகிய வடக்கை நோக்கித் திறக்கவேண்டும். வீடு கட்டிய மேஸ்திரியோ அந்த மூலையில் ஜன்னலை வைத்திருப்பார், அல்லது அதையே குளியலறை ஆக்கியிருப்பார். ஆகவே ஜன்னல் நிரந்தரமாக அடைபடுகிறது. அதன் வழியே வரவேண்டிய மாலைக்காற்று குபேரனுக்கு அர்ப்பணமாகிறது. அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்களில் தறிக்கும் பீரோவுக்கும் கூடத்தில் தகராறு நேர்ந்தால் தறியே வெல்கிறது. சோறு போடுவது அதுவாகையால் இதை நம் சித்தாந்தத்துக்கு ஏற்பட்ட ஒரேயொரு விதிவிலக்காக ஒப்புக்கொள்கிறோம்.

இறுதியாக, காலி செய்கிற நாள். பீரோவை நகர்த்தியதும் அதன் நான்கு கால்கள் நின்ற இடத்தில் நான்கு துருக்கறைகள் தரையில் தென்படும். வீட்டுக்காரர் அவற்றைக் குனிந்து பார்ப்பார். வெள்ளையடிப்புக்கு ஒரு மாத வாடகையும், கறைக்கென ஒரு தொகையும் முன்பணத்திலிருந்து பிடித்துக்கொண்டு மிச்சத்தை எண்ணித் தருவார். அடுத்து வருகிற குடித்தனக்காரரும் கன்னி மூலையைத் தேடி, எல்லாப் பீரோக்களும் ஓரளவினவாதலால், தம் பீரோவின் கால்களை அதே நான்கு கறைகளின்மேல் பொருத்தமாக இறக்குவார். அவர் காலி செய்யும்போதும் அந்தக் கறைகளுக்குப் பிடித்தம் உண்டு. அவருக்கு அடுத்தவருக்கும் உண்டு.