காலி டப்பாவின் மறுபிறவி

பொம்மிடிப் பக்கம் மொட்டை மாடிகளை எட்டிப் பார்த்தால் பெயின்ட் வாளியில் தக்காளி, எண்ணெய் கேனில் புதினா, சிமென்ட் சாக்கில் கத்தரி. 2013-ல் சென்னைக்கும் கோவைக்கும் மாடித்தோட்டப் பை, தென்னைநார்க் கழிவு, விதை எல்லாவற்றையும் அரசு மானிய விலையில் கொடுக்கத் தொடங்கியது. நம்மவர்கள் அதற்கா காத்திருந்தார்கள்? உடைந்த குடத்தில் துளசி வைத்த பரம்பரை! 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கடைப் பைகளுக்குத் தடை வந்தபோதும் பால் பாக்கெட்டுக்கு விலக்கு கிடைத்தது. நாற்று விட அது போதாதா?

ஆனால் சிக்கனமும் சும்மா வருவதில்லை. காலி பெயின்ட் வாளி அசிங்கமாக இருக்கிறதென்று அதற்கு அடிக்கப் புது பெயின்ட் வாங்குகிறார்கள். அடியில் ஓட்டை போடாமல் செடி வைத்துவிட்டு, வேர் அழுகியதும் 'ராசியில்லாத கேன்' என்று பழி போடுகிறார்கள். அடுத்த கேன் சீக்கிரம் காலியாக வேண்டுமே, அன்றைக்கு வீட்டில் பூரி.

ஒருவழியாக வாளியில் நாலு தக்காளி பழுக்கும். அந்த வாரம் பார்த்துத்தான் பாலக்கோடு சந்தையில் விலை விழுந்து, விவசாயி கூடை கூடையாகச் சாலையோரம் கொட்டிக்கொண்டிருப்பார். மாடிக்காரர் தன் நாலையும் படமெடுத்து, 'மருந்தடிக்காதது' என்று வாட்ஸ்அப்பில் போடுவார்.