பாலிஷ் மாமா

சென்னைப் புறநகரில் எந்த ஃபிளாட்டுக்குப் போனாலும் ஒரு பாலிஷ் மாமா இருப்பார். பேங்கிலோ ரயில்வேயிலோ ரிடையர் ஆனவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் மஞ்சள் துணியும் கையில் வேக்ஸ் டப்பாவுமாகக் கீழே இறங்குவார். பார்க்கிங்கில் அவருக்காகக் காத்திருப்பது 1996-ல் வாங்கிய சிவப்பு மாருதி 800.

அந்தக் காரில் அவர் ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. கோயிலுக்குப் போக ஆட்டோ, கல்யாணத்துக்குப் போக கால் டாக்ஸி. "சொந்த வண்டி இருக்கும்போது எதுக்கு சார் டாக்ஸி?" என்று கேட்டால், கேட்டவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொல்வார்: "வெளியே எடுத்தா அழுக்காயிடாது?"

மாமாவின் துரதிர்ஷ்டம், அவர் சிவப்பு வாங்கியது. சிவப்பு நிறமி வெளிச்சத்தில் உள்ள நீலத்தையும் பச்சையையும் விழுங்கிக்கொண்டு, சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. விழுங்கிய நீல ஒளியில் ஆற்றல் அதிகம். அதோடு புற ஊதாக் கதிரும் சேர்ந்துகொண்டு, நிறமியையும் அதைப் பிடித்து வைத்திருக்கும் பிசினையும் வருஷக்கணக்கில் அரிக்கிறது. சிவப்பு ரோஸாகும், ரோஸ் வெளிறும், பிறகு பானட்டைத் தடவினால் கையில் சாக்பீஸ் தூள் போல ஒட்டும். வாங்கிய புதிதில் மாடியிலிருந்து பார்த்தாலே அடையாளம் தெரிந்த வண்டி இப்போது என்ன கலர் என்று கேட்டால் பக்கத்து வீட்டுக் குழந்தைகள்கூட ஒத்துப்போவதில்லை. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் அது இன்னும் சிவப்பு. வேறு நிறம் அடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால், "ஆர்.சி.ல கலர் மாத்தி எழுதணும் சார், தெரியுமா?" என்று சட்டம் பேசுவார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. உண்மைக் காரணம் அது இல்லை.

இவருடைய ஜென்ம விரோதி, விடிகாலையில் வந்து கார் துடைக்கும் பையன். ஒரே வாளித் தண்ணீர், ஒரே துணி, ஐந்து வண்டி. முதல் வண்டியின் மண் ஐந்தாவது வண்டியில் கோடு போடும். வெயிலில் சாய்வாகப் பார்த்தால் பெயிண்டில் தெரியும் வட்ட வட்டமான மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் இப்படி வந்தவைதான். இந்த விஷயத்தில் மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அவரே தூசி படிந்த வண்டிமேல் கவரைப் போட்டு மூடுகிறார். ராத்திரி காற்றில் கவர் ஆட ஆட, அடியிலிருக்கும் தூசி அதே வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்கிறது.

ஆயுத பூஜை வந்தால் வீட்டில் பனிப்போர். மாமி சந்தனத்தைக் குழைத்து பானட் நடுவில் மூன்று பட்டை இழுத்துக் குங்குமம் வைக்க வேண்டும் என்பார். சந்தனம் காய்ந்தால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும், குங்குமம் வெளிறின பெயிண்டில் ஊறிவிடும் என்பது மாமாவின் வாதம். பல வருஷப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு நம்பர் பிளேட்டில் வைப்பதாக உடன்பாடு. எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் மட்டும். பூசணிக்காய் உடைப்பதென்றால் கேட்டுக்கு வெளியே.

"இந்தத் தேய்ப்புல பாதியை என் குக்கருக்குத் தேய்ச்சிருந்தா, அதுல முகம் பார்க்கலாம்" என்பது மாமியின் நிரந்தரக் கருத்து. மாமிக்கு இன்னொரு குறையும் உண்டு. கடையில் நிறம் பார்த்துப் பார்த்து மாமா வாங்கி வந்த சிவப்பு நெயில் பாலிஷ் ஒருநாளும் மாமியின் நகத்தை எட்டியதில்லை. அது முழுக்கக் கதவோரத்துக் கீறல்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

மாமாவின் ஆயுதங்களில் முதலாவது ரப்பிங் கம்பவுண்ட். திருப்பூர் பனியன் வேஸ்டில் கொஞ்சம் எடுத்து வட்டமாகத் தேய்த்தால், வெளிறிய மேல்தோல் கழன்று அடியில் பழைய சிவப்பு எட்டிப் பார்க்கும். அந்தக் காலத்து சாலிட் கலர் வண்டிகள் பலவற்றில் மேலே கிளியர் கோட் கிடையாது. துணியில் சிவப்பு ஏறும். அதைக் கண்டால் மாமாவுக்கு ஆனந்தம். "பார்த்தீங்களா, அழுக்கு எப்படி வருது!" என்று துணியை விரித்துக் காட்டுவார். வருவது அழுக்கு இல்லை, பெயிண்ட். ஃபேக்டரியில் அடித்து வரும் பூச்சு, பிரைமர் உட்பட எல்லாம் சேர்ந்தே 100 மைக்ரான் சொச்சம்தான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதை வாராவாரம் துணியில் ஏற்றி வாளியில் அலசிக் கொட்டுகிறார் மனிதர். மடிப்பு விழும் ஓரங்களில் பூச்சு இன்னும் மெல்லிசு. அங்கேதான் முதலில் சாம்பல் நிற பிரைமர் தெரியும், உடனே நெயில் பாலிஷ் பாட்டில் திறக்கும்.

கம்பவுண்ட் அரத்தின் ஜாதி, வேக்ஸ் எண்ணெயின் ஜாதி. முன்னது சுரண்டும், பின்னது மூடும். பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னோபா மெழுகுதான் நல்ல வேக்ஸ் டப்பாக்களின் பெருமை. அதைப் பூசினால் பெயிண்ட் குறையாது. ஆனால் கை வலிக்காத வேலையில் மாமாவுக்கு நம்பிக்கையில்லை.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் ஒரு கடைப் பையன் செராமிக் கோட்டிங் பற்றி அவருக்கு விளக்கினான். "நைன் ஹெச் ஹார்ட்னெஸ் சார்!" ஹெச் என்பது பென்சில் முனையின் கடினத்தைச் சொல்லும் அளவு. 9 ஹெச் என்றால், அந்தப் பென்சிலால் அழுத்தி இழுத்தாலும் கோடு விழாது என்று கணக்கு. விலையைக் கேட்டதும் மாமா, "இதுக்கு நான் இன்னொரு மாருதி வாங்கிடுவேனே" என்று எழுந்து வந்துவிட்டார். மங்கிப்போன பெயிண்ட்மேல் செராமிக் பூசினால் மங்கலும் சேர்ந்துதான் பத்திரமாக இருக்கும் என்பதால், அவர் எழுந்து வந்ததில் தப்பில்லை.

ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கும் நேரம் வந்தால் மாமா பத்து நாள் முன்னதாகவே தேய்க்கத் தொடங்குவார். 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025-ல் இந்தக் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். அவ்வளவு கட்டியும் இன்ஸ்பெக்டர் பானட்டின் பளபளப்பை நிமிர்ந்து பார்க்க மாட்டார். லைட், பிரேக், ஹாரன் பார்ப்பார். ஆர்.டி.ஓ. ஆபீஸ் கேட்கும் ஒரே தேய்ப்பு, சேஸிஸ் நம்பர்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அந்த ஒற்றை வரிதான்.

மாமாவிடம் ஒரு புராணம் உண்டு. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கையிலிருந்து வாங்கியவர் டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங். 2010-ல் அவர் காலமான பின் அந்த வண்டி வீட்டு வாசலில் வெயிலிலும் மழையிலும் கிடந்து துருப்பிடித்தது. பிற்பாடு கம்பெனியே அதை எடுத்துப்போய்ப் புதுப்பித்துத் தலைமை அலுவலகத்தில் வைத்தது. கதையின் முதல் பாதியில் மாமாவின் குரல் தழுதழுக்கும். இரண்டாம் பாதியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். தன் வண்டியையும் ஒருநாள் யாரோ அழைத்துப்போவார்கள் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சென்ற வருஷம் மாமா ஒரு பட்டறைக்குப் போய் பஃபிங் மெஷின் போட முடியுமா என்று கேட்டார். பெயிண்டர் ஓரத்தில் கை வைத்துப் பார்த்தார். "சார், மெஷின் வெச்சா தகரம்தான் பளபளக்கும். பெயிண்ட்டைக் காப்பாத்தணும்னா முதல்ல உங்களை நிறுத்தணும்." பிறகு கதவைத் திறந்து அடிப்பக்கத்தைக் காட்டினார். கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வடிய அங்கே சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. மண் அடைத்துக்கொண்டதால் தண்ணீர் உள்ளேயே நின்று, தகரம் பொரிந்துபோயிருந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஈர்க்குச்சி அங்கே போனதில்லை. அது பளபளக்கிற இடம் இல்லையே!

அதற்குப் பிறகு கம்பவுண்ட் டப்பா பரணுக்குப் போனது, வேக்ஸ் மட்டும் மிஞ்சியது, ஞாயிற்றுக்கிழமை வேலை அரை மணியில் முடிந்தது. மீதி நேரத்தில் அவர் விதிகளைப் படித்தார். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வயது தாண்டிய வண்டியை 'வின்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து சேரும். மாமாவின் வண்டிக்கு அந்த வயது 2046-ல் வரும். அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கோ ரேலிக்கோ ரிப்பேருக்கோ எடுக்கலாமே தவிர, தினசரி ஓட்டத்துக்கு ரோட்டில் எடுக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. அந்த நிபந்தனையில் மாமாவுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.