நீலமா, சிவப்பா?

டர்போ கார்க்காரர் காற்றுக் குழாய்களை இணைக்கும் சிலிகான் கப்ளர் வாங்கப் போனால் முதலில் கேட்பது நிறம். பானட்டைத் திறந்தால் பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டாமா? உள்ளே எத்தனை அடுக்குத் துணி, எண்ணெய் பட்டால் தாங்குமா என்பதெல்லாம் வேலையற்றவர்கள் கேட்கிற கேள்வி.

கணக்குக்குத்தான் ரசனை கிடையாது. 63 மி.மீ. குழாயில் 1 பார் பூஸ்ட் ஏறினால், 90 டிகிரி வளைவில் குழாயை மூட்டிலிருந்து பிடுங்கும் விசை சுமார் 32 கிலோ. ஓர் அரிசிச் சிப்பத்தைவிட அதிகம். அதைத் தடுக்க நிற்பதோ தண்ணீர் ஹோஸுக்குப் போடுகிற கிளிப். டி-போல்ட் கிளாம்ப் விலை ஜாஸ்தியாம். அலாய் வீலுக்குக் கடன் வாங்கியவர் சொல்கிறார். குழாய் நுனியில் விளிம்பு உருட்டியிருக்காது. வழவழ அலுமினியம், அதன்மேல் எண்ணெய்ப் படலம். கழன்றுகொண்டே இருந்தால் ஹேர் ஸ்பிரே அடித்துச் சொருகுவது ஊரறிந்த வைத்தியம். உரிமையாளர் தலைக்கு அடிப்பதைவிட இன்ஜினுக்கு அடிப்பது அதிகம்.

அடுத்தது பிராக்கெட். இன்ஜின் ரப்பர் மவுன்ட்டில் உட்கார்ந்து ஆடும்; பாடி அதோடு சேர்ந்து ஆடாது. நம்மவர் ஒரே குழாயை இரண்டோடும் போல்ட் போட்டு முறுக்குவார். “நடுவுல ஒரு ஹம்ப் ஹோஸ் போடுங்க சார், அசைய இடம் கிடைக்கும்” என்று மெக்கானிக் சொன்னால், “கெட்டியா இருக்கணும்ப்பா” என்பார். கெட்டியாகத்தான் இருக்கிறது. வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ‘புஸ்ஸ்’ என்கிறது.

புளோ-ஆஃப் வால்வு சத்தம் பிரமாதம் என்று நண்பர்கள் விலை விசாரிக்கிறார்கள்.