முல்லோயாவின் வக்கீல், குடியரசின் அமைச்சர்

கொல்வின் ஐயா பேச்சை எடுத்தால் எங்கள் அப்பாயி புடைத்துக்கொண்டிருக்கும் சுளகைக் கீழே வைத்துவிடுவார். ஹேவாஹெட்டப் பக்கத்தில் கொழுந்து பறித்தவர் அவர். தாத்தாவுக்குக் கெலிஓயாவில் கடைச் சிப்பந்தி வேலை கிடைத்ததால் லயத்தை விட்டு இறங்கி வந்தார்.

1940 ஜனவரி 10ஆம் திகதி, முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துப்போனார். தோட்டத்தில் ஒரு கூலியாள் செத்ததற்கு விசாரணைக்குழு வந்ததே அந்தக் காலத்தில் பெரிய விஷயம். அந்தக் குழுவின் முன்னால் கோவிந்தனின் மனைவிக்காக ஆஜரானவர் கொல்வின் ஆர். டி சில்வா. பலப்பிட்டியைச் சேர்ந்த சிங்களவர், லண்டனில் கலாநிதிப் பட்டம் வாங்கியவர், 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். "பொலிஸ்காரன அந்தய்யா நிக்க வெச்சுக் கேட்டாரு சாமி. நம்ம பொம்பளக்கிப் பொறத்தால ஒரு வக்கீலு நின்னாரு" என்று அப்பாயி சொல்லும்போது குரல் மாறிவிடும். தோட்டத்தில் துரையின் முன் தலைப்பாகையைக் கழற்றி நின்ற சனத்துக்கு அது எத்தனை பெரிய காட்சி என்பது, அந்தக் குரலைக் கேட்டதால்தான் எனக்குப் புரிந்தது.

அதே ஆண்டு ஜூனில், யுத்தத்தை எதிர்த்ததற்காகக் கொல்வினையே பிடித்து உள்ளே போட்டார்கள். கண்டி போகம்பரைச் சிறையில் இருந்தார். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட இரண்டொரு நாளில், ஒரு சிறைக்காவலரின் துணையோடு தோழர்களுடன் வெளியேறி இந்தியாவுக்குப் போய்விட்டார். கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு பஸ்ஸில் போகும்போதெல்லாம் தாத்தா அந்த மதிலைக் காட்டுவார். 2014இல் கைதிகளைப் பல்லேகலைக்கு மாற்றிச் சிறையை மூடிவிட்டார்கள்.

1948இல் குடியுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியபோது கொல்வினின் தோழர்கள் நாடாளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்தார்கள். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தபோது, ஒரு மொழிதான் என்றால் நாடு இரண்டாகும், இரு மொழி என்றால் ஒன்றாக இருக்கும் என்று கொல்வின் எச்சரித்தார். தமிழ் மேடைகளில் இன்றைக்கும் அதைச் சொல்கிறார்கள். சொல்கிறவர்களில் பலர் அடுத்த பதினாறு வருடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னால் அப்படித் தாண்ட முடிவதில்லை.

1970இல் கூட்டணி அரசில் அவர் அமைச்சரானார். ஒரே மனிதரிடம் பெருந்தோட்டத் துறையும் அரசியலமைப்பு விவகாரமும் வந்து சேர்ந்தன. 1972 மே 22ஆம் திகதி நிறைவேறிய குடியரசு அரசியலமைப்பு அவர் கைப்பட உருவானது. சிங்களம் அரசகரும மொழி என்பது அதிலே அரசியலமைப்பு வாசகமாகவே ஏறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கிடைத்தது. சிறுபான்மையினருக்குப் பாதகமான சட்டம் செய்யக்கூடாது என்று தடுத்த, முந்தைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு காணாமல் போனது. அந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காயாகவும் கிடக்கவில்லை. தனிச்சிங்களச் சட்டத்தை எதிர்த்து அரச ஊழியர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில், அரசியலமைப்புக் கேள்வியை முடிவு செய்யும்படி 1969இல்தான் பிரிவிக் கவுன்சில் உயர் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியிருந்தது. பதில் வருமுன்னே, கேள்வி நின்ற தரையையே எடுத்துவிட்டார்கள்.

கூட்டணியில் பெரிய கட்சியின் நெருக்குதல், அவர் என்ன செய்வார் என்று என் அப்பா கடைசிவரை வாதாடினார். எனக்கு அது ஒப்பவில்லை. நீதிமன்றத்தின் அருமை தெரியாத ஒருவர் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். முல்லோயாவில் பொலிஸைக் குறுக்கு விசாரணை செய்தவருக்கு அது தெரியாதா? 1971இல் அரசுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகு பிடிபட்ட இளைஞர்களுக்காக சிவில் உரிமை இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவரான எஸ். நடேசனும் அதே கறுப்புக் கோட்டு அணிந்த வக்கீல்தான். அவர் அரசாங்கத்துக்கு வெளியே நின்றார்.

1973, 74இல் தோட்டங்களில் பஞ்சம் வந்தது. ரேஷனை வெட்டினார்கள், மா கிடைக்கவில்லை, சாவு கூடியது. தோட்டத்தை விட்டுக் கிளம்பியவர்கள் கெலிஓயாச் சந்திக் கடைகளில் கை நீட்டியதைப் பையனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். எங்கள் வாசலுக்கு வந்தவளுக்கு அப்பாயி அவித்த மரவள்ளியில் பாதியை உடைத்துக் கொடுத்தார். பெருந்தோட்ட அமைச்சர் அப்போது யார் என்று அவரிடம் நாங்கள் யாருமே சொல்லவில்லை.

1975இல் சமசமாஜிகளை அமைச்சரவையிலிருந்து வெளியேற்றினார்கள். 1977 தேர்தலில் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. 1982 ஜனாதிபதித் தேர்தலில் நின்ற கொல்வினுக்கு நூற்றுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. 1989இல் இறந்தார்.

ஆனால் அவர் போட்ட ஒரு பூட்டு இன்றும் திறக்கவில்லை. நிறைவேறிய சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்பது 1972 யாப்பின் ஏற்பாடு. அதை 1978 யாப்பு 80ஆம் உறுப்புரையில் அப்படியே எடுத்துக்கொண்டது. அதனால்தான் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி இங்கே எந்த வக்கீலும் கேட்க முடிவதில்லை. அந்தச் சட்டத்தில் 2020 ஏப்ரலில் கைதான ஹிஜாஸ் ஹிஸ்புல்லாவும் உரிமை வழக்குகளில் வாதாடிய வக்கீல். 2022 பெப்ரவரியில்தான் பிணையில் வந்தார். கெலிஓயாவில் பள்ளிவாசல் பக்கத்துத் தேநீர்க் கடையில் அந்தச் செய்தியைப் படித்தவர்கள் சட்டத்தைக் கொண்டுவந்த அன்றைய ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவைத்தான் ஏசினார்கள். பூட்டைச் செய்தவர் கோவிந்தன் மனைவியின் வக்கீல் என்பதை நான் எடுத்துச் சொன்னேன். பக்கத்தில் இருந்த முல்லோயாப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "அப்புடிச் சொல்லாதீங்க தம்பி" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.