நூற்றைம்பதின் மகாத்மியம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநிலந்தோறும் கணக்காளர் உரிம வாரியங்களில் வீற்றிருந்து, இன்னார் தம் பெயருக்குப் பின்னால் சி.பி.ஏ. (சான்றுபெற்ற பொதுக் கணக்காளர்) என்று போட்டுக்கொள்ளலாம், இன்னார் போட்டுக்கொள்ளலாகாது என்று தீர்ப்பு வழங்கிவரும் மகா கனம் பொருந்திய அங்கத்தினர்களின் சமுகத்துக்கு, அந்த மூன்றெழுத்துப் பாக்கியம் வாய்க்கப்பெறாத சாமானியன் ஒருவன் பணிவுடன் எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

கணக்குச் சாஸ்திரத்தில் தேர்ந்தவன் யார் என்று கண்டுபிடிப்பது சுலபமான காரியமல்ல என்பதை நான் அறிவேன். நியூயார்க் மாநிலம் 1896-ஆம் வருஷத்தில் இதற்கென முதன்முதலாகச் சட்டம் இயற்றிய காலந்தொட்டு, எத்தனையோ மேதாவிகள் இந்தப் பிரச்னையில் மூளையைச் செலவிட்டிருக்கிறார்கள். ஆயினும் அவர்களுக்கெல்லாம் புலப்படாத சூக்ஷ்மம் ஒன்று தங்களுக்குப் புலப்பட்டது. நான்கு வருஷப் பட்டப் படிப்பில் மாணாக்கன் பெறும் கிரெடிட்டுகள் என்னும் பாட அலகுகள் 120-ம் அவனை யோக்கியனாகவோ சமர்த்தனாகவோ ஆக்கப் போதுமானவை அல்ல என்றும், அவற்றோடு இன்னுமொரு 30-ஐச் சேர்த்து 150 ஆக்கிவிட்ட கணமே அவனிடம் பொதுமக்கள் தங்கள் பணத்தையும் நம்பிக்கையையும் ஒப்படைக்கலாம் என்றும் தாங்கள் கண்டறிந்தீர்கள். ஃப்ளாரிடா 1983-இல் இந்த விரதத்தை முதலில் மேற்கொண்டது. ஒவ்வொரு மாநிலமாகப் பின்தொடர்ந்தது. கலிஃபோர்னியா நெடுநாள் தயங்கியிருந்து 2014-இல் முழுமனதாகச் சரணடைந்தது.

வியாபாரமும் வரிச் சட்டங்களும் நாளுக்கு நாள் சிக்கலாகி வருகின்றன, ஆகவே நான்கு வருஷப் படிப்பு போதாது என்பதுதான் அப்போது தங்கள் தரப்பில் சொல்லப்பட்ட நியாயம். நியாயம் உத்தமமானதே. அப்படியானால் அந்த அதிகப்படி 30 கிரெடிட்டுகளும் அந்தச் சிக்கல்களைப் பற்றியவையாக அல்லவோ இருக்கவேண்டும் என்று எங்களைப் போன்ற மந்தபுத்தியினர் நினைத்துவிடுவோம். தாங்களோ அத்தகைய குறுகிய நோக்கம் படைத்தவர்கள் அல்லர். கலிஃபோர்னியா வகுத்த கிரமத்தை எடுத்துக்கொண்டால், கணக்கியலில் 24, வியாபாரப் பாடங்களில் 24, கணக்கியல் சார்ந்த மேற்படிப்பில் 20, ஒழுக்கநெறியில் 10 என்று மொத்தம் 78 கிரெடிட்டுகளுக்கு மட்டுமே வரையறை செய்யப்பட்டிருந்தது. எஞ்சிய 72-இல் ஒரு பகுதியைப் பட்டப் படிப்பின் பொதுப் பாடங்கள் விழுங்கிவிடும் என்றாலும், மிச்சத்தை மண்பாண்டம் வனைந்தும், டென்னிஸ் ஆடியும், கிதார் மீட்டியும் நிரப்புவதற்கு எவ்விதத் தடையும் இருக்கவில்லை. பந்தைப் புறங்கையால் திருப்பி அடிக்கக் கற்றவன், கற்காதவனைவிடப் பெரிய கம்பெனியின் ஐந்தொகையைச் செம்மையாகத் தணிக்கை செய்வான் என்ற இந்தச் சித்தாந்தத்துக்கு ஈடான ஒன்றை நம் பழைய தருக்க நூல்களில் தேடினாலும் காண்பது அரிது.

இந்த 30-ஐ எங்கே வாங்குவது என்ற கேள்வி எழுந்தபோது, கணக்குப் படித்தவர்கள் கணக்குப் படித்தவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் என்றால் பல்லாயிரம் டாலர் கடன். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரியிலோ, அம்மாநிலவாசி ஒருவருக்கு, 2012 முதல் ஒரு கிரெடிட் 46 டாலர். முப்பதுக்கும் சேர்த்து 1,380 டாலர். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு ஜனங்கள் சமுதாயக் கல்லூரியின் வாசலில் வரிசையில் நின்றார்கள். சென்னையிலோ மதுரையிலோ மூன்று வருஷம் படித்து பி.காம். பட்டமும், அதன்மேல் பல வருஷ அனுபவமும் பெற்று, கணவரோடு கடல் கடந்து போன நம் பெண்மணிகளில் எத்தனையோ பேர் அந்த வரிசையில் இருந்தார்கள். மூன்று வருஷப் பட்டத்துக்குப் பல இடங்களில் 90 கிரெடிட்டே மதிப்பாகையால், பேரேட்டில் கை தேர்ந்த அந்த அம்மாள்கள் எண்ணிக்கை நிரப்புவதற்காக இருபது வயதுப் பிள்ளைகளோடு மறுபடி பெஞ்சில் உட்கார நேர்ந்தது.

சமுதாயக் கல்லூரியைப் பற்றித் தங்கள் அபிப்பிராயம் என்னவென்று எனக்குத் தெரியாது. கிரெடிட் மலிவாகக் கிடைக்கும் அங்காடி என்பதற்குமேல் தாங்கள் அதை எண்ணிப் பார்த்ததாக எந்த விதியிலும் அடையாளம் இல்லை. இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் ஆறே மாணாக்கர்களோடு தொடங்கிய இந்த ஏற்பாடு, ஜனாதிபதி ட்ரூமன் நியமித்த குழு 1947-இல் செய்த சிபாரிசால் நாடெங்கும் பெயரும் பெருக்கமும் அடைந்து, இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் 116 கல்லூரிகளாகப் பரவியிருக்கிறது. மாலை வேளையில் அங்கே நடக்கும் முதல் கணக்கியல் வகுப்பு ஒன்றைத் தாங்கள் அவசியம் எட்டிப் பார்க்கவேண்டும். பகலெல்லாம் லாரி ஓட்டியவர், சிறு உணவு விடுதி வைத்து நஷ்டப்பட்டு அந்த நஷ்டம் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரிந்துகொள்ள வந்தவர், குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு ஓடி வந்த இளம் பெண், ஐம்பது வயதில் வேலை போய்ப் புதுத் தொழில் தேடுகிறவர் ஆகிய எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து, குறிப்பேட்டில் எழுதியதைப் பேரேட்டுக்கு மாற்றி, இருப்பாய்வு போட்டுப் பார்த்து, இருபுறத்துக்கும் இடையே ஒன்பது டாலர் வித்தியாசம் வருவதைக் கண்டு தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். பாடம் நடத்துகிறவரும் பல இடங்களில் பகற்பொழுதில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில் மெய்யாகவே கணக்கு எழுதுகிறவர்தாம். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் அநேகமாக எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கும் என்ற தொழில் ரகசியத்தை அவர் சொல்லும்போது அந்த அறையில் உண்டாகும் ஆனந்தத்தை நான் எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் கண்டதில்லை.

சம்பளப் பட்டியல் தயாரித்தல், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல், தேய்மானம், விற்பனை வரி, குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் என்று மறுநாள் காலையிலேயே சோறு போடக்கூடிய வித்தைகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. ஜனவரி பிறந்தால், பல கல்லூரிகளில் மாணாக்கர்கள் வருமான வரி இலாகாவின் தேர்வை எழுதித் தேறி, 1969-ஐ ஒட்டித் தொடங்கப்பட்ட தன்னார்வ உதவித் திட்டத்தின்கீழ், ஏழை எளியவர்களின் வரி விவரங்களைக் காசு வாங்காமல் நிரப்பிக் கொடுக்கிறார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் கிழவிக்கு அரசாங்கத்திடமிருந்து வரவேண்டிய தொகை வந்து சேருமா என்பது தன் பேனாவைப் பொறுத்தது என்ற பயத்தோடு ஒரு பிள்ளை கணக்குப் போடுகிறானே, அந்தப் பயத்தைவிடச் சிறந்த பாடம் கணக்காளனுக்கு எது? தங்கள் துலாக்கோலிலோ அந்தப் பயமும் டென்னிஸும் ஒரே எடை. கற்பூரத்தையும் உப்பையும் ஒரே படியால் அளந்து ஒரே விலை சொல்லும் வியாபாரியைப்போல, மூன்று கிரெடிட் என்றால் மூன்று கிரெடிட் என்று குறித்துக்கொண்டு தாங்கள் மேலே போய்விடுகிறீர்கள்.

ஆர்தர் ஆண்டர்சன் என்ற மகாபுருஷரின் பெயர் தங்களுக்கு நினைவிருக்கும். பதினாறு வயதில் அநாதையாகி, பகலில் கடிதம் கொண்டு போகும் வேலை பார்த்து, இரவில் படித்து, கல்லூரிப் பட்டம் வாங்குவதற்குப் பல வருஷங்கள் முன்னதாகவே 1908-இல், தம் 23-ஆம் வயதில், இல்லினாயில் சி.பி.ஏ. ஆனவர் அவர். நூற்றைம்பதின் அருள் இல்லாமலே அவர் 1913-இல் ஸ்தாபித்த நிறுவனம் உலகத்தின் பெரிய தணிக்கை நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. என்ரான் கம்பெனியின் கணக்கு மோசடி விவகாரத்தில் சிக்கி 2002-இல் அது சிதைந்து போன காலத்தில், அங்கே பட்டதாரிகளுக்குப் பஞ்சம் இருந்ததாக எவரும் புகார் சொல்லவில்லை.

ஒழுக்கநெறிக்கென்று கலிஃபோர்னியா ஒதுக்கிய 10 கிரெடிட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் மூன்று வரை தத்துவம், சமயம் முதலிய பாடங்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். மோக்ஷ சாதனமும் வரி சாதனமும் ஒன்றாக அமைந்தன. 2022-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், எர்ன்ஸ்ட் அண்ட் யங் என்ற தணிக்கை நிறுவனத்துக்கு அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 10 கோடி டாலர் அபராதம் விதித்தது. குற்றம் என்னவென்றால், அதன் தணிக்கையாளர்கள் பலர் சி.பி.ஏ. உரிமத்துக்கான ஒழுக்கநெறித் தேர்வில் பிறரிடம் விடைகளை வாங்கிக் காப்பி அடித்தார்கள். நிறுவனமும் அதை ஒப்புக்கொண்டது. ஒழுக்கநெறிப் பாடத்தை இன்னும் ஐந்து கிரெடிட் கூட்டியிருந்தால் காப்பி அடிக்க வேண்டிய விடைகள்தாம் கூடியிருக்கும்.

இத்தனைக்கும், நான்கு பகுதிகளாக, பகுதிக்கு நான்கு மணி நேரம் நடக்கும் கடுந்தேர்வு ஒன்றும், 75 மதிப்பெண் வாங்கினாலன்றித் தேற முடியாதென்ற நிபந்தனையும் தங்களிடம் இருக்கின்றன. போதாக்குறைக்கு, அனுபவம் பெற்றவராக இருக்கவேண்டும் என்ற விதியும் இருக்கிறது. தேர்வு திறமையைக் காட்டுமென்றால் 30 கிரெடிட் எதற்கு? அது காட்டாதென்றால் தேர்வு எதற்கு?

தொழிலுக்கு வரும் இளைஞர்கள் குறைந்துபோய், ஆள் கிடைக்கவில்லை என்று பெரிய நிறுவனங்கள் முணுமுணுக்கத் தொடங்கிய பிற்பாடு, ஒஹையோ மாநிலம் 2025 ஜனவரியில் ஒரு சட்டம் செய்தது. பட்டப் படிப்பும், இரண்டு வருஷ அனுபவமும், தேர்வும் இருந்தால் 2026 ஜனவரி முதல் தேதி தொடங்கிப் போதும் என்றது. வேறு மாநிலங்களும் அதே பாதையில் இறங்கியிருக்கின்றன. ஆக, பொதுஜன க்ஷேமத்துக்கு இன்றியமையாததென்று நாற்பது வருஷ காலம் காக்கப்பட்ட அந்த 30 கிரெடிட், ஒரு நள்ளிரவில் அத்தியாவசியம் அல்லாததாகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் கடன் வாங்கி அதைச் சம்பாதித்தவர்கள், தம் ஏட்டில் அந்தச் செலவை எந்தத் தலைப்பின்கீழ் எழுதுவதென்று கேட்கிறார்கள்.

ஆகையால் தங்களிடம் நான் வேண்டுவது அற்பமான உபகாரமே. சமுதாயக் கல்லூரியின் மாலை வகுப்பில், விடையை மட்டும் எழுதி அதற்கு வந்த வழியை எழுதாத மாணாக்கனுக்கு ஆசிரியர் மதிப்பெண் போடுவதில்லை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் ஓர் இடம் ஒதுக்கி, 150 என்ற விடை எந்தக் கணக்கின்படி வந்தது என்பதை வரி வரியாக எழுதி, பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
உரிமமற்ற கணக்குப்பிள்ளை ஒருவன்