முதியோரைக் கேட்காமல் முதியோர் திட்டம் தீட்டுவது எப்படி?

வயதானவர்கள் கடைசிவரை தங்கள் சொந்த வீட்டிலேயே, அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் வாழ உதவும் சேவைத் திட்டம் ஒன்றைக் குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறைக்குத் தயாரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? கவலைப்படாதீர்கள். இது ஒன்றும் கஷ்டமான வேலையில்லை.

முதல் விதி, பேச்சிப்பாறைக்குப் போகாதீர்கள். நாகர்கோவிலில் நல்ல ஏசி அறைகள் இருக்கின்றன. பேச்சிப்பாறையில் போய்த் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு முன்னுதாரணம் உண்டு. திருவிதாங்கூர் காலத்தில் கோதையாற்றுக்குக் குறுக்கே 1906-இல் கட்டி முடித்த அணையின் பொறியாளர் மிஞ்சினுடைய கல்லறை பேச்சிப்பாறையிலேயே இருக்கிறது. அந்த அளவு ஈடுபாடு உங்கள் பயணப்படியில் அடங்காது.

போகாமல் புள்ளிவிவரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். குமரி மாவட்டத்தில் காலை நாளிதழைப் பிரித்தால் பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி என்று அணைகளின் நீர்மட்டம் தவறாமல் போட்டிருக்கும். 48 அடி அணையில் தண்ணீர் ஓர் அடி ஏறி இறங்கினாலும் மாவட்டத்துக்கே தெரிந்துவிடும். அணைக்கு மேலே எத்தனை கிழவிகள் தனியாகக் கஞ்சி வைத்துக் குடிக்கிறார்கள் என்ற கணக்கு எந்தத் தாளிலும் வராது. ஆகவே அந்த எண்ணை நீங்களே போட்டுக்கொள்ளலாம். யாரும் சரிபார்க்கப் போவதில்லை.

அடுத்து, ‘முதியோர்’ என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாரையும் போட்டு மூடுங்கள். குலசேகரம் பக்கம் மாடிவீடு கட்டி, மகன் வளைகுடாவிலிருந்து கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாரும் முதியவர்தான். முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி முட்டி தேய்ந்தவரும் முதியவர்தான். தச்சமலையில் இருக்கும் காணிப் பழங்குடிப் பாட்டியும் முதியவர்தான். மூவருக்கும் ஒரே படிவம் போதும். ‘சொந்த வீடா, வாடகை வீடா’ என்ற கட்டத்தில் மட்டும் சின்னச் சிக்கல் வரும். ரப்பர் தோட்டக் குடியிருப்பில் இருப்பவருக்கு இரண்டுமில்லை. அது வேலையோடு வந்த வீடு. வேலை முடிந்த பிறகு அது யார் வீடு, அவர் எந்த ‘சொந்த வீட்டில்’ கடைசிவரை சுதந்திரமாக வாழப் போகிறார் என்ற கேள்வியைத் திட்ட அறிக்கையில் கொண்டுவராதீர்கள். அறிக்கை முழுவதும் ஆட்டம் கண்டுவிடும்.

இத்தனை சொல்லியும் கேட்காமல், கடமையுணர்ச்சி மேலிட்டு நேரில் போயே தீருவேன் என்கிறீர்களா? போங்கள். ஆனால் படகில் மட்டும் ஏறாதீர்கள். தோட்டமலை போன்ற காணி ஊர்களுக்கு நீர்த்தேக்கத்தைக் கடந்து படகில்தான் போக வேண்டும். ஏறிவிட்டால் உங்களுக்கு வேண்டாத விஷயமெல்லாம் கண்ணில் படும். அணையில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது படகு கரையோர மேடு வரைக்கும் வந்து ஒட்டும். நீர்மட்டம் இறங்க இறங்க, படகு நிற்கும் இடத்துக்கும் நடைபாதைக்கும் நடுவே சேற்றுச் சரிவு நீண்டுகொண்டே போகும். எழுபது வயதுக்காரி ஒருத்தி ரத்த அழுத்த மாத்திரைக்காக ஒரு கையில் செருப்பும் மறு கையில் கம்புமாக அந்தச் சரிவில் இறங்குவதைப் பார்த்தால், நாளிதழில் வரும் அந்த அடிக் கணக்கு விவசாயிக்கு மட்டும் எழுதியதில்லை என்று உங்களுக்கே தோன்றிவிடும். அப்புறம் படகுத்துறைக்குப் படிக்கட்டு, பிடித்து இறங்கக் கம்பி, வாரத்தில் ஒரு நாள் மருந்தோடு வரும் படகு என்று திட்டத்தில் எழுதத் தொடங்குவீர்கள். படிக்கட்டுக்கு நீர்வளத்துறையைக் கேட்க வேண்டும், பாதைக்கு வனத்துறையைக் கேட்க வேண்டும், மருந்துக்குச் சுகாதாரத்துறையைக் கேட்க வேண்டும். மூன்று துறைக்காரர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாயா குடிப்பதற்குள் இரண்டு பருவமழையும் போய்விடும்.

கையில் காகிதத்தோடு எந்த வீட்டு முற்றத்திலும் போய் நின்றுவிடவும் கூடாது. நின்றால் கேட்கத் தோன்றும்.

“பாட்டா, ஒங்களுக்கு என்ன வேணும்?”

“எனக்க காலுக்கு வய்யா மக்களே. கக்கூசில பிடிச்சு எழும்ப ஒரு கம்பி வச்சுத் தந்தா போரும்.”

இந்தப் பதிலைக் குறித்துக்கொள்ளாதீர்கள். ஓர் இரும்புக் கம்பிக்கு அடிக்கல் நாட்ட முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது, அதன் மேல் யார் படத்தையும் ஒட்ட முடியாது. ஆனால் வயசுகாலத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி வரைக்கும் போய்ப் படுத்துத் திரும்பும்போது, வீட்டில் தனியாக வாழும் பேச்சு அநேகமாக அத்தோடு முடிந்துபோகும். உலகத்தில் வீட்டுப் பராமரிப்பைப் பற்றி யோசித்தவர்கள் எல்லாம் வாசற்படி, வழுக்கும் தரை, இருட்டு, கழிப்பறை என்று இந்த அற்ப விஷயங்களில்தான் போய் நின்றிருக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கதி வரவேண்டாம். மாவட்டத் தலைநகரில் ‘ஒருங்கிணைந்த முதியோர் மையம்’ என்று ஒரு கட்டடம் கேளுங்கள். வாசலில் பத்துப் படி வையுங்கள்.

தொழில்நுட்பத்தை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சேவைக்கும் கைரேகை கட்டாயம் என்று போடுங்கள். காலமெல்லாம் விடியும் முன்னே எழுந்து தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் கத்தி பிடித்த விரல், பால் உறைய ஊற்றும் ஆசிட்டில் நனைந்த விரல், கருவியின் கண்ணாடியில் எத்தனை முறை வைத்து அழுத்தினாலும் பதியாது. ரேஷன் கடையில் அவர் அழுத்துவார், துடைப்பார், மறுபடி அழுத்துவார், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். இதை ‘பயனாளியிடம் போதிய விழிப்புணர்வு இல்லை’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நடப்பவற்றைக் கவனிக்காமலிருப்பது திட்டமிடுபவருக்கு மிக முக்கியமான தகுதி. முதியோர் உதவித்தொகை இந்த மாநிலத்தில் 1962-இல் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023-இல் 1,200 ரூபாய் ஆனது. சத்துணவுக் கூடங்களில் குழந்தைகளோடு ஓய்வூதியம் பெறும் முதியவர்களுக்கும் சோறு போடலாம் என்று 1983-லேயே அரசு யோசித்துவிட்டது. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை, இயன்முறைப் பயிற்சி, நோய் தணிப்புச் சிகிச்சை எல்லாம் வீட்டுக்கே வர வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் 70 வயது தாண்டியவர்களுக்கு ரேஷன் பொருளும் வீடு தேடி வரத் தொடங்கியது. இவற்றையெல்லாம் கோத்து, உள்ளூர்ப் பெண் ஒருத்தியின் கையில் ஒரு நோட்டுப் புத்தகமாகக் கொடுத்து, “இந்த நாற்பது வீடும் உன் பொறுப்பு” என்று சொன்னாலே பாதித் திட்டம் முடிந்துவிடும். அந்த ஆபத்து உங்கள் பதவிக்கே உலை வைக்கும். எனவே புதிதாக ஒரு பெயர், புதிதாக ஒரு செயலி, புதிதாக ஓர் இலச்சினை. ‘வீட்டு வாசல்’ என்ற சொல்லுக்கு மட்டும் கவனமாக விளக்கம் எழுதுங்கள்: வண்டி எதுவரை போகுமோ அதுவரை உள்ளது வீட்டு வாசல்.

வெளியூர் அனுபவமும் அறிக்கையில் இருக்க வேண்டும். ஆனால் தூரத்து ஊராகப் பாருங்கள். ஜப்பான் நல்லது. 2000-ஆம் ஆண்டிலேயே முதுமைப் பராமரிப்புக்குத் தனிக் காப்பீடு கொண்டுவந்த நாடு, விமானத்தில் போய் வரலாம். நெதர்லாந்தும் நல்லது. 2006-இல் தொடங்கி, பன்னிரண்டு பேருக்கு மேற்படாத செவிலியர் குழுக்கள் மேலதிகாரி இல்லாமல் தாங்களே தெருவைப் பிரித்துக்கொண்டு பார்க்கும் ‘பூர்ட்சோர்க்’ முறை அங்கே உண்டு. மேலதிகாரி இல்லாமல் என்ற பகுதியை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடுங்கள். ஆனால் களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளத்தை எட்டிப் பார்த்துவிடவே கூடாது. கோழிக்கோட்டில் 1993-இல் ஒரு சின்ன அறையில் தொடங்கிய வலி தணிப்புச் சேவை, மலப்புறத்தில் ஆட்டோ ஓட்டுநரும் கடைக்காரரும் மாணவர்களுமாகப் பக்கத்து வீட்டு நோயாளியைப் போய்ப் பார்க்கும் வழக்கமாக வளர்ந்து, 2008-இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டது. பஸ் கட்டணத்தில் முடிந்துவிடும் ஆய்வுப் பயணத்தை யார் மதிப்பார்கள்?

சாப்பாட்டுப் பட்டியலை ஓட்ஸில் தொடங்குங்கள். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டு வளர்ந்தவர் ஓட்ஸைக் கண்டு முகம் சுளித்தால், அது ஒத்துழையாமை. மதியம் யாராவது ஒரு பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து வைக்கும் கிண்ணக் குழம்பைத் திட்டத்தில் எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்று தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அவளுக்குச் சம்பளமும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. பேச்சிப்பாறையில் இன்றைக்குத் தனியாக வாழும் முதியவர்களைத் தாங்கிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அவள்தான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் என் நினைப்புக்கு நிதி ஒதுக்க முடியாது.

கடைசியாக நாள் குறிப்பது. தொடக்க விழாவை அக்டோபர் 1-இல் வையுங்கள். ஐ.நா. அறிவித்த உலக முதியோர் நாள் அது. பொன்னாடை, சால்வை, பிளாஸ்டிக் நாற்காலி, பெரியவர்களை வரிசையாக உட்கார வைத்து ஒரு படம், ஒரு லட்டு. மறுநாள் அக்டோபர் 2, கிராம சபை. அங்கே வாக்காளர் யாரும் எழுந்து பேசலாம், தீர்மானம் கொண்டுவரலாம், அது பதிவேட்டில் ஏறும். அன்றைக்கு நீங்கள் விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது.

இதை வாசிக்கிறவர்களில் பேச்சிப்பாறைப் பக்கத்துக்காரர் யாராவது இருந்தால், அந்தக் கிராம சபைக்கு வீட்டிலிருக்கும் பாட்டாவையும் பாட்டியையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். கம்பி வேண்டும், படித்துறை வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். அது தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.